கற்கண்டு ஏற்றிய படகு

தம்பி,

வழக்கமாக நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதம் தொடங்குவேன். இந்த முறை அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ரவாங்கில் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, விடுமுறையில் வீடியோ படம் பார்த்துக்கொண்டு இருக்கிறாய். நலமாக இல்லாதவள் ஜெராமில் இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அமுதாவின் அப்பா உங்கள் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கப் போகிறார். அதற்கு முன்னால் நீ ஜெராமுக்குப் போய் அவளைப் பார்த்தாக வேண்டும். நீ போகாவிட்டால் பத்திரிகை அச்சாகாது. இதை நான் மிரட்டலாகத்தான் சொல்கிறேன், நீ மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளலாம். நேரில் சொல்லியிருப்பேன். ஆனால் நேரில் சொன்னால் நீ "சரிமா, சரிமா" என்று தலையாட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். எழுத்து அப்படி இல்லை, மடித்து வைத்தாலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். ரவாங்குக்கு லோரி ஓட்டும் பக்கத்து வீட்டுப் பையனிடம் இதையும் ஒரு துணிப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தைக் கடைசியில் பிரி.

நேற்று நான் ஜெராமுக்குப் போயிருந்தேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். கோலசிலாங்கூரில் பஸ் ஏறும்போது ஏதேதோ சாக்குகளை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் அப்பா படகுகளுக்கு ஐஸ் ஏற்றப் போயிருந்தார். அமுதா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஆனால் ஊசியில் நூல் இல்லை. என்னைப் பார்த்து எழுந்து தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"அத்தை, எனக்குக் கோவம்லாம் இல்ல. ஆனா நான் ஒன்னு செஞ்சு வெச்சா, இவரு வந்து பிரிச்சுப் போட்டுருவாரோன்னு ஆயுசுக்கும் பயந்துகிட்டே இருக்க முடியாது லா."

"கல்யாணம் வேணாங்கிறியாம்மா?"

"அப்பாகிட்ட இன்னும் சொல்லல. பத்திரிகை அடிச்சிட்டா சொல்லவும் முடியாது. அதுக்குள்ள எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். அவருக்கு அந்தப் படகு பிடிக்கலயா, இல்ல மத்தவங்க சிரிச்சது பிடிக்கலயா? படகு பிடிக்கலன்னா பரவால்ல அத்தை, அடுத்த தடவ வேற மாதிரி செய்வேன். சிரிப்புக்குப் பயந்து பிரிச்சாருன்னா, நான் எத செஞ்சாலும் பிரிப்பாரு."

எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதிலை உன் வாயிலிருந்து அவள் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பரிசத்தன்று என்ன நடந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் நான் பார்த்தபடி சொல்கிறேன், கேள். நாம் புடவைத் தட்டும் பூத்தட்டும் பழத்தட்டும் வரிசையாக வைத்தோம். எல்லார் வீட்டிலும் வைக்கிற மாதிரிதான் வைத்தோம். பதிலுக்கு அவர்கள் மாப்பிள்ளைத் தட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் உன் பட்டு வேட்டி ஒரு படகாக இருந்தது. அவர்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா தங்கள் கல்யாணங்களுக்குத் துணியை மயிலாகவும் பூவாகவும் மடிப்பதைப் பார்த்து அமுதா கற்றுக்கொண்டது அந்த மடிப்பு. ஆனால் மயிலைச் செய்யாமல் அவள் படகைச் செய்தாள், ஏனென்றால் அது அவள் அப்பாவின் பிழைப்பு. துண்டை ஒரு ஈர்க்கில் கோத்துப் பாயாக நிறுத்தியிருந்தாள். அடியில் வெற்றிலைகளைப் பரப்பியிருந்தாள், அதுதான் கடல். படகுக்குள்ளே பெரிய பெரிய கற்கண்டாகத் தேடி வாங்கி ஏற்றியிருந்தாள், அதுதான் ஐஸ். எனக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தன் அப்பாவின் உழைப்பை ஒரு பெண் தட்டில் வைத்துத் தன் புருஷனாகப் போகிறவனிடம் கொடுக்கிறாள், அதற்கு மேல் என்ன சீர் வேண்டும்?

உன் பெரியப்பாவுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. "என்னப்பா இது? மலாய்க்காரங்க கல்யாணமா? மாப்பிள்ளைக்கு வேட்டி குடுக்குறீங்களா, சம்பான் படகு குடுக்குறீங்களா?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் கெட்ட மனுஷர் இல்லை, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஆனால் நீ என்ன செய்தாய்? முகம் சிவந்து போய், "சாதாரணமா வெச்சா போதாதா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து வேட்டியின் முனையைப் பிடித்து இழுத்தாய். பாய் சரிந்தது. கற்கண்டு தரையெல்லாம் உருண்டது. நீ வேட்டியை நாலாக மடித்துத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாய். அமுதா மண்டியிட்டு ஒவ்வொரு கற்கண்டாகப் பொறுக்கினாள். அவள் அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உன்னை அந்த இடத்திலேயே அறையவேண்டும் போல இருந்தது. சபை என்பதால் விட்டேன், அதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

அன்று வேனில் திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். நான் உன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் பால் டின்களை வெட்டி வெட்டி விரலெல்லாம் காயமாயிருந்த கை அது.

பெற்றவர்கள் எழுதும் கடிதத்தில் ஏதாவது ஒரு மன்னிப்புக் கேட்பது வழக்கம். நான் கேட்கப் போவதில்லை. அந்தக் காவடி விஷயத்தில் நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். உனக்குத்தான் கணக்கு எங்கோ தப்பிப் போயிருக்கிறது.

தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குக் குலை வெட்டும்போது செம்பனைக் குலை இடுப்பில் விழுந்து உன் அப்பா படுக்கையில் கிடந்த வருஷம் அது. அவர் எழுந்து நடந்தால் மகன் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பான் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டது நான்தான். ஆனால் நாள் நெருங்கியபோது அவர் எழவில்லை. எழாவிட்டாலும் எடுக்கிறேன் என்று சொன்னவன் நீ. கிள்ளானிலிருந்து வாடகைக்கு வரும் மயில் காவடி நமக்குக் கட்டாது. நீ ஒன்றும் சொல்லாமல் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்க் காலிப் பால் டின்களைக் கேட்டு வாங்கினாய். "சேகருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. டின்னைத் தட்டையாக்கி, மயிலிறகு போல வெட்டி, ஓரத்தை மழுக்கி, நடுவில் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்துக் கண் வைத்தாய். வேலை முடிந்து களைத்து வந்தாலும் ராத்திரி நான் உட்கார்ந்து ஓட்டை போட்டுக் கொடுத்தேன். பிரம்பை வளைத்து அத்தனை இறகையும் நீ கட்டி முடித்த அன்று, உன் அப்பா படுக்கையிலிருந்து கையை நீட்டி ஒரு இறகைச் சுண்டினார். அது மணி மாதிரி ஒலித்தது. "இத வாடகைக்குக் குடுக்கலாம் போலருக்கே" என்றார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

உத்திரத்தன்று பெரிய கால்வாய்க் கரையில் காவடியை ஏற்றிக்கொண்டு நீ ஆடி வந்தாய். வெயில் பட்டு டின் இறகுகள் பளபளத்ததைப் பார்த்து ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. உறுமி மேளக்காரர்கள்கூட உன் பக்கமே நின்று அடித்தார்கள். கோயில் வாசலில் ஆலயத் தலைவர் நின்றார். நம் பெரிய மண்டோர்தான். தோட்டத்தில் வேலை கொடுப்பவரும் அவர், கோயிலில் மாலை வாங்குபவரும் அவர். கையைக் குறுக்கே நீட்டி மேளத்தை நிறுத்தினார்.

"குப்பையக் கட்டிக்கிட்டு முருகன்கிட்ட வர்றியாடா? நாளைக்கு மத்த தோட்டத்துக்காரன் நம்மளப் பாத்துச் சிரிப்பான். இறக்கு கீழ!"

காவடியைத் தோளில் ஏற்றினால் சன்னிதியில்தான் இறக்க வேண்டும். இடையில் இறக்கினால் வேண்டுதல் கெட்டது, இறக்கச் சொன்னவனையும் அது சும்மா விடாது. இது அவருக்கும் தெரியும். மேளம் நின்றுவிட்டதால் உன் இறகுகளின் சத்தம் மட்டும் கேட்டது. நீ ஆடவில்லை, உன் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது, அதனால் வந்த சத்தம். நம் வேலை அவர் கையில், நாம் குடியிருந்த லயத்து வீடு அவர் வாக்கில், படுக்கையில் கிடக்கும் உன் அப்பாவுக்கு அடுத்த மாதமும் சம்பளம் வருமா என்பது அவர் எழுதுவதில். எல்லாம் தெரிந்துதான் நான் முன்னால் போய் நின்றேன்.

"இறக்க மாட்டான் மண்டோரய்யா. இறக்கணும்னா நீங்களே வந்து கைய வெச்சு இறக்குங்க. அவங்க அப்பா படுத்த படுக்கையா கெடக்குறாரு. இந்த வேண்டுதல் கெட்டா, அது உங்க கையால கெட்டதா இருக்கட்டும்."

அவர் கையை எடுக்கவும் இல்லை, உன்னைத் தொடவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. நீ ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். இறக்கிவிடட்டுமா என்று உன் கண் கேட்டது. நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். நீ கால்களை இன்னும் அகட்டி ஊன்றிக்கொண்டாய்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். நம் பூசாரி அந்தப் பழமொழியையே கெடுத்துவிட்டார். உள்ளேயிருந்து வெளியே வந்தார். கையில் சன்னிதியில் இருந்த வேல். மண்டோரைத் தாண்டி வந்து உன் இறகு ஒன்றைத் தடவிப் பார்த்து, "எப்படிடா தம்பி இத வளைச்ச?" என்று கேட்டார். "உலக்கைல வெச்சுத் தட்டுனேன், சாமி" என்றாய். பூசாரி வேலை வாசல் மணலில் ஊன்றினார். "முருகன் இங்கயே வந்துட்டாரு. சன்னிதி இதுதான். இறக்குடா" என்றார். கற்பூரம் காட்டி, உன் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். நாம் வீடு திரும்பியபோது உன் அப்பா விழித்துக்கொண்டே இருந்தார். "மேளம் நின்னுச்சா, பயந்துட்டேன். அப்புறம் நம்ம புள்ள காவடி மட்டும் தனியாக் கேட்டுச்சு" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் மண்டோர் என்னை உதிரிப் பழம் பொறுக்கும் வேலையிலிருந்து மாற்றி, முதுகில் தொட்டியைக் கட்டிப் புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலையில் போட்டார். முதல் நாள் கண் எரிச்சலோடு வீடு வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். நீ வாசலில் நின்று பார்த்தாய். பிறகு லயத்துக்குப் பின்னால் போனாய். காவடியைக் கழற்றி, இறகுகளைக் காலால் மிதித்து மிதித்து நசுக்கினாய். நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. மண்டோர் மேல் இருந்த கோபத்தை டின் மேல் காட்டுகிறாய் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். பிறகு நீ எதையுமே செய்யவில்லை. ஒரு பட்டம்கூடக் கட்டவில்லை. பரிசத்தன்று படகைப் பிடித்து இழுத்த உன் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று உனக்கு மண்டோர் மேல் கோபம் இல்லை. நாம் ஒன்றைப் புதிதாகச் செய்தால் அம்மாவின் கண் எரியும் என்று நீ முடிவு கட்டிவிட்டாய்.

தம்பி, கண் எரிந்தது உண்மைதான். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தொட்டியைச் சுமந்தேன். ஆனால் அந்த வருஷம் முழுவதும் நான் எவ்வளவு கர்வமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? செம்பனைக் காட்டில் பொம்பளைகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒம்மவன் காவடி மாதிரி வருமா" என்பார்கள். நான் மருந்து வாடையோடு நிமிர்ந்து நடப்பேன். நசுங்கிய இறகுகளை யார் பொறுக்கினார்கள் என்று நினைக்கிறாய்? அப்பா எழுந்து தடியூன்றி நடக்க ஆரம்பித்ததும் செய்த முதல் வேலை அதுதான். ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கோழிக்கூண்டின் கூரையில் வரிசையாக ஆணி அடித்தார். அப்பா உன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நீ அந்தப் பக்கமே போக மாட்டாய். கிண்டல் இல்லையடா. மழை பெய்தால் இறகுகள் ஒலிப்பதைக் கேட்க அவர் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தத் தோட்டத்திலேயே மயில் தோகைக்குக் கீழே முட்டை இடும் கோழி நம் வீட்டில்தான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். கண்ணை மூடும்வரை சொன்னார். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை, ஆண்பிள்ளைகளுக்குள் அப்படி ஒரு வெட்கம்.

இப்போது உன் வேலை என்ன? கம்பெனியில் வரிசையாக வரும் சாமான்களைப் பார்த்து, மற்றதைப் போல இல்லாததைத் தூக்கி ஒரு கூடையில் போடுவது. நன்றாகச் செய்கிறாய், சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் கண்ணை வேலை விட்டதும் அங்கேயே வைத்துவிட்டு வா. வீட்டுக்கு அது ஆகாது. வீட்டில் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று மற்றதைப் போல இல்லாமல்தான் இருக்கும். புளி தீர்ந்த அன்று நான் புளிக்குப் பதில் பிலிம்பிக்காய் அரிந்து போட்டு மீன் குழம்பு வைத்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னா போட்ட?" என்று கேட்டார். ஏன் போட்டாய் என்று கேட்கவில்லை. இரண்டு கேள்விக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 'ஏன்' என்று கேட்டிருந்தால் மறுநாள் கடனுக்காவது புளி வாங்கியிருப்பேன். 'என்ன போட்டாய்' என்று கேட்டதால் இன்றைக்கும் எனக்கு விதம் விதமாகக் குழம்பு வைக்க வருகிறது. பூசாரி உன்னிடம் கேட்டதும் அதே மாதிரி ஒரு கேள்விதான். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, சுவரில் எதையாவது கிறுக்கி வைத்துவிட்டு வந்து நிற்கும். அப்போது முதலில் உன் வாயில் எந்தக் கேள்வி வருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது மறுபடி கிறுக்கும்.

இனி அமுதாவின் கேள்விக்கு வருகிறேன். படகு பிடிக்கவில்லையா, சிரிப்புப் பிடிக்கவில்லையா? நான் உனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் பெரியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ என்ன செய்தாய் என்று நான் பார்த்தேன். தட்டு வந்ததும் நீ தலையைச் சாய்த்து, படகின் அடி எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்தாய். எந்த முனை எதற்குள் செருகியிருக்கிறது என்று உன் விரல் தானாகத் தேடியது. பால் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தவனின் முகம் அது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அதைப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது, அந்த முகம் போய்விட்டது.

ஆகவே உண்மை உனக்குப் பாதகமானது. உனக்குப் படகு பிடித்திருந்தது. சிரிப்புக்குப் பயந்துதான் பிரித்தாய். இதைச் சொன்னால் அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடும், அவளே சொல்லிவிட்டாள். பொய் சொன்னால் கல்யாணம் நடக்கும். நீ பொய் சொல்லப் போவதாக இருந்தால் எனக்கு இப்போதே தெரியட்டும், நானே ஜெராமுக்குப் போய் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். பழி என்னோடு போகட்டும், அந்தப் பெண்ணாவது பிழைக்கட்டும். அவளை விட்டால் உனக்கு அப்படி ஒருத்தி கிடைக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

பொட்டலத்தில் இருப்பது அந்த வேட்டியும் துண்டும்தான். கிளம்பும்போது அமுதா என் கையில் கொடுத்தாள், அது உனக்கு உரியதாம். நான் இஸ்திரி போடவில்லை. படகாக இருந்த மடிப்புத் தடம் ஒவ்வொன்றும் அதில் இன்னும் இருக்கிறது, பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு முதலில் நம் வீட்டுக்கு வா. ஈர்க்கும் வெற்றிலையும் நான் எடுத்து வைத்திருப்பேன், கற்கண்டு நேற்றே ஜெராம் கடையில் வாங்கிவிட்டேன். வழியில் மடித்துக்கொண்டு போகாதே. அவள் வீட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, முதலில் உண்மையைச் சொல், பிறகு மடிக்க ஆரம்பி. தெரியாத இடத்தில் எப்படி என்று அவளைக் கேள். அவள் சொல்லித் தருகிறாளா இல்லையா என்பது அவள் இஷ்டம்.

உன் பெரியப்பாவிடம் வேனைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அவரும் உள்ளே வந்து உட்காருவார். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. நீ வேட்டியைப் பிரித்து மடிக்க உட்கார்ந்ததும் அவர் கட்டாயம் சிரிப்பார், எனக்கு அவரைத் தெரியும். சிரிக்கட்டும். அன்று கோயில் வாசலில் மாதிரி நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். நான் தலையை ஆட்ட மாட்டேன், தம்பி. இந்த முறை நீயாகத்தான் மடிப்பிலிருந்து கையை எடுக்காமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா